பழைய கார்களின் ஏசி டிஸ்ப்ளே: பழுதுபார்க்க வழிவிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தானியங்கிக் குளிரூட்டி பொருத்தப்பட்ட பழைய கார்களில் வெப்பநிலையைக் காட்டும் சிறிய திரையை மெக்கானிக்குகள் ஏசி டிஸ்ப்ளே என்பார்கள். அது மங்கியோ, பாதி எழுத்து விட்டுப்போயோ, முற்றிலும் அணைந்தோ போகும்போது, அதைப் பழுதுபார்க்க முடியாது, திரையும் பொத்தான்களும் சேர்ந்த பேனலை முழுதாக மாற்றித்தான் ஆக வேண்டும் என்று உரிமையாளரிடம் சொல்லி அனுப்புவது நம் டெல்டா மாவட்டங்களில் வழக்கமாகிவிட்டது. புதிய பேனல் கிடைத்தாலும் அதன் விலை அந்தக் காரின் இன்றைய மதிப்புக்குப் பொருந்தாத அளவில் இருக்கிறது. பல மாடல்களுக்கு அதுவும் இப்போது வருவதில்லை. ஆனால் என் கைக்கு வந்த பேனல்களில் பெரும்பாலானவற்றில் கெட்டிருந்தது உலோகத்தை உருக்கி ஒட்டிய ஒரு சோல்டர் இணைப்போ, ஒயர் போன்ற தட்டையான ஒரு ரிப்பனோ, ஒரு சிறு பல்போதான். சில நூறு ரூபாய்ப் பொருளும் ஒரு நாள் பொறுமையும் இருந்தால் தீரக்கூடிய பழுதுக்காகப் பல்லாயிரம் ரூபாய் கேட்கப்படுவதையும், அந்தப் பழுதைத் தீர்க்கத் தெரிந்தவர்களுக்குத் தேவையான விவரம் மறுக்கப்படுவதையும் தங்கள் இதழின் வழியாகப் பொதுமக்கள், அரசு, கார் நிறுவனங்கள் ஆகியோரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

நான் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னணுப் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் சிற்றூர்களில் நான் பார்க்கும் கார்களில் கணிசமானவை, சென்னையிலோ கோவையிலோ முதல் உரிமையாளரிடம் சில ஆண்டுகள் ஓடிவிட்டு இங்கே வந்தவை. அவை தினமும் ஓடுவதில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பெரியவர்களை அழைத்துச் செல்லவும், கல்யாணம் காட்சிக்கும், குலதெய்வம் கோயிலுக்கும் எடுக்கிறார்கள். மற்ற நாட்களில் அவை வாசலில் நிற்கின்றன. இன்ஜினும் கியர் பெட்டியும் நல்ல நிலையில் இருக்கும். 15 ஆண்டு முடிந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் கட்டணம் என்று உயர்த்தப்பட்ட பிறகும், அதைக் கட்டி, ஆய்வுக்குக் காட்டி, மேலும் ஐந்தாண்டு ஓட்டுகிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். சட்டப்படி ஓடத் தகுதியுள்ள வண்டி, உள்ளங்கை அகலத் திரை ஒன்றுக்காக முடங்குவது நியாயமில்லை.

திரைதானே, அது இல்லாமல் ஓட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தப் பேனலின் வேலையை விளக்க வேண்டியிருக்கிறது. சாதாரண ஏசியில் திருகுகுமிழைத் திருப்பினால் அதன் பின்னால் உள்ள கம்பி, காற்றின் வழியைத் திறக்கும் மடலை நேரடியாக இழுக்கும். திரை எதுவும் தேவையில்லை. தானியங்கி ஏசியிலோ நாம் 24 டிகிரி என்று எண்ணை வைக்கிறோம். காருக்குள் உள்ள காற்றை ஒரு சென்சாரும், வெளிக்காற்றை முன் பம்பருக்குப் பின்னால் உள்ள மற்றொன்றும், டேஷ்போர்டின் மேல் விழும் வெயிலை மூன்றாவது ஒன்றும் அளந்து சொல்ல, குளிர்க்காற்றும் சூட்டுக்காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும், விசிறி எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும், கம்ப்ரஸர் எப்போது ஓட வேண்டும் என்பதைப் பேனலில் உள்ள கட்டுப்பாட்டு ஐசி (சிறு மின்னணுச் சில்லு) முடிவுசெய்து சிறு மோட்டார்களை இயக்குகிறது. இந்த வகைப் பேனலில் பொத்தானை அழுத்தினால் என்ன நடந்தது என்பதை அந்தத் திரை மட்டுமே சொல்லும். காற்று காலுக்குப் போகிறதா கண்ணாடிக்குப் போகிறதா, வெளிக்காற்று வருகிறதா உள்காற்றே சுற்றுகிறதா என்பது ஓட்டுநருக்குத் தெரியாமல் போகிறது.

மழைக்காலத்தில் இது வசதியைப் பற்றிய பேச்சாக நிற்பதில்லை, உயிரைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த உடையோடு நான்கு பேர் ஏறிக் கதவை மூடிய சிறிது நேரத்தில் முன்கண்ணாடியின் உட்புறம் வேர்த்துப் பார்வை மறைகிறது. அப்போது ஏசியை ஓட விட்டு, வெளிக்காற்றைத் திறந்து, அதைக் கண்ணாடியின் மேல் செலுத்த வேண்டும். குளிர்ந்த சுருளின் வழியாகப் போகும் காற்று தன் ஈரத்தை அங்கே விட்டுவிட்டு உலர்ந்து வருவதால் கண்ணாடி தெளிகிறது. உள்காற்றுச் சுழற்சியில் இருப்பது தெரியாமல் ஓட்டினால் பயணிகள் மூச்சில் விடும் ஈரமும் உடையின் ஈரமும் உள்ளேயே சுற்றி வரும். மார்கழி விடியற்காலையில் நிலை தலைகீழாகிறது. அப்போது அதிகக் குளிர்க்காற்று கண்ணாடியில் பட்டால், வெளியே உள்ள பனி ஈரம் கண்ணாடியின் வெளிப்புறத்தில் படியும். அதற்கு வெப்பநிலையை உயர்த்தி வைப்பதும் காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்புவதும்தான் தீர்வு. இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. எதைச் செய்தோம் என்று காட்டாத பேனலோடு கும்பகோணம் – மயிலாடுதுறைச் சாலையில், எதிரே பேருந்தின் விளக்கு கண்ணைக் கூசும் நேரத்தில், பொத்தான்களைத் தடவிக்கொண்டிருப்பது எத்தகைய ஆபத்து என்பதை அவ்வழியே ஓட்டியவர்கள் அறிவார்கள்.

இனி, திரை ஏன் கெடுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். பேனல் முழுவதும் போய்விட்டது என்ற சொல்லை உரிமையாளர் அப்படியே நம்பிவிடாமல் இருக்க இது உதவும்.

பழைய கார்களில் பெரும்பாலும் இரண்டு வகைத் திரைகள் உண்டு. ஒன்று எல்சிடி எனப்படும் திரவப் படிகத் திரை. இது தானாக ஒளி தருவதில்லை. இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே உள்ள திரவப் படிகம் மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒளியை விடவும் மறைக்கவும் செய்ய, பின்னால் எரியும் சிறு விளக்கு எழுத்தைத் தெரியவைக்கிறது. மற்றது நீலப்பச்சை நிறத்தில் தானே ஒளிரும் வெற்றிடக் குழல் திரை. 1967-இல் ஜப்பானில் உருவான இந்த வகையில், சூடேறும் மெல்லிய இழைகளிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் ஒளிர்பொருள் பூசிய பகுதிகளில் மோதி எழுத்தை ஒளிரச் செய்கின்றன. பழுதின் அறிகுறியைப் பார்த்தாலே எந்த வகையில் எது கெட்டது என்பதைப் பெருமளவு ஊகித்துவிடலாம்.

பகலில் உற்றுப் பார்த்தால் எழுத்து மங்கலாகத் தெரிகிறது, இரவில் ஒன்றுமே தெரியவில்லை என்றால், எல்சிடி நல்ல நிலையில்தான் இருக்கிறது, பின்விளக்கு போய்விட்டது. பழைய பேனல்களில் அது அரிசிமணி அளவுள்ள 12 வோல்ட் பல்ப். அதன் இழை தேய்ந்து அறுவது இயல்பு. அதற்குப் பதிலாக எல்இடி போடலாம், ஆனால் அதற்கு நேர்முனை எதிர்முனை பார்த்து, தகுந்த மின்தடையோடு போட வேண்டும். வேகத்தில் நேரடியாக வைத்துப் பொருத்துகிறவர்களால் அது சில நாட்களில் எரிந்துபோவதுடன் அருகில் உள்ள பிளாஸ்டிக்கும் உருகுகிறது.

எழுத்துகளில் கோடு கோடாகச் சில பகுதிகள் மட்டும் விட்டுப்போய், 8 என்பது 6 போலவும் 3 போலவும் தெரிந்தால், திரையின் கண்ணாடிக்கும், மின்சுற்று அமைந்த போர்டுக்கும் இடையே உள்ள இணைப்பில்தான் குறை. சில பேனல்களில் அந்த இணைப்பு, கடத்தும் அடுக்கும் கடத்தா அடுக்கும் மாறி மாறி அமைந்த மெல்லிய ரப்பர் பட்டை. போர்டும் கண்ணாடியும் அதை இருபுறமும் அழுத்திப் பிடித்திருக்கும். ஆண்டுகள் செல்ல அந்த அழுத்தம் தளரும், தூசி நுழையும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு நுரைக் குச்சியால் இரு பக்கத் தொடுபுள்ளிகளையும் துடைத்து, விரல் படாமல் பட்டையை மீண்டும் வைத்து, சட்டத்தின் காதுகளைச் சீராக மடக்கினால் எழுத்து முழுமையாகத் திரும்பிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வேறு சில பேனல்களில் மெல்லிய பிளாஸ்டிக் ரிப்பன் வெப்பத்தால் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பசை வெயிலில் இளகி விடுபடுகிறது. அதை மீண்டும் ஒட்டச் சமமான அழுத்தமும், தட்டையான முனையுள்ள சோல்டரிங் அயர்னும், இடையே சிலிக்கான் பட்டையும் வேண்டும்; சூடு கூடினால் ரிப்பனும் கண்ணாடிமேல் ஒட்டிய ஒளித்தகடும் கருகிவிடும். இது கவனமுள்ள கைக்கு மட்டுமே உரிய வேலை.

காலையில் தெரிகிறது, மதியம் போகிறது, டேஷ்போர்டைத் தட்டினால் வருகிறது என்று சொல்கிறவர்களின் பேனலில் நான் முதலில் தேடுவது, நம் தொழிலில் டிரை சோல்டர் என்று சொல்லும் விரிசல் விட்ட இணைப்பை. வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். ஏசி போட்டதும் குளிரும். இப்படி நாள்தோறும் விரிந்து சுருங்குவதால், ஒயர்களைச் செருகும் கனெக்டரின் கால்களைச் சுற்றியுள்ள சோல்டரில் மயிரிழை போன்ற வட்டவிரிசல் விழுகிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும். பழைய ஈய சோல்டரில் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த வகை 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாத புதிய வகைக்கு ஏறக்குறைய 217 டிகிரி தேவை. இரண்டையும் அறியாமல் ஒரே சூட்டில் தேய்க்கிறவர் போர்டில் மின்சாரம் ஓடும் செம்புத் தடமான டிராக்கைத் தூக்கிவிடுவார். பழையதை உறிஞ்சி எடுத்து, சோல்டர் நன்கு ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் தடவி, புதிதாகச் சோல்டர் வைப்பதுதான் முறை.

வெற்றிடக் குழல் திரை மங்கினால் இரண்டு காரணங்கள். ஒளிர்பொருள் தேய்ந்திருந்தால் திரையை மாற்றுவதுதான் வழி. ஆனால் அதற்கு 12 வோல்ட்டிலிருந்து உயர் மின்னழுத்தம் ஆக்கித் தரும் சிறு சுற்றில் உள்ள மின்பகு கப்பாசிட்டர் உலர்ந்திருந்தாலும் இதே மங்கல்தான் தோன்றும். இந்த வகைக் கப்பாசிட்டரின் ஆயுள், சுற்றிலுமுள்ள வெப்பம் 10 டிகிரி கூடும்போது ஏறத்தாழப் பாதியாகிறது என்பது நாங்கள் மாணவர்களுக்கு முதலாண்டிலேயே சொல்லித்தரும் கணக்கு. 85 டிகிரி வகை இருந்த இடத்தில் 105 டிகிரி வகையை வைத்தால் அது இன்னும் நெடுநாள் நிற்கும். விலை சில ரூபாய்தான்.

சித்திரை, வைகாசி வெயிலில் திரை முழுவதும் ஒரே நிறமாகிவிட்டு மாலையில் தானே சரியாவதையும் சிலர் பழுது என்று கருதிப் பேனலைக் கழற்றச் சொல்கிறார்கள். திரவப் படிகம் ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேல் தன் ஒழுங்கை இழந்து சாதாரணத் திரவமாகிவிடும். 1888-இல் ஆஸ்திரிய தாவரவியலாளர் ஃபிரெட்ரிக் ரைனிட்சர் முதன்முதலாகக் கண்டு வியந்ததே இத்தகைய மாற்றத்தைத்தான். அது பழுதில்லை. காரை நிழலில் நிறுத்தினால் போதும். திரையின் ஓரத்திலிருந்து மை சிந்தியது போலக் கருமை பரவினால் மட்டும் கண்ணாடி கசிந்துவிட்டது என்று பொருள். அதற்கு வேறு கண்ணாடிதான் வேண்டும்.

நம் வட்டாரத்துக்கு என்று தனியான காரணங்களும் உண்டு. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கத்துக் கார்களில் உப்புக்காற்று கனெக்டர் கால்களில் பச்சைக் களிம்பு பூக்கச் செய்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது நீரில் நின்ற கார்கள் சில, ஓராண்டு கழித்து இதே பச்சையோடு வந்தன. சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் இரை இழந்த எலிகள் ஊருக்குள் வந்து, நிற்கும் காரின் இன்ஜின் கூட்டிலும் விசிறிப் பெட்டியிலும் கூடு கட்டி, சென்சாருக்குப் போகும் ஒயர்களைக் கடிக்கின்றன. வெளிக்காற்றுச் சென்சாரின் ஒயர் அறுந்திருந்தால் திரையில் வெப்பநிலை இருக்க வேண்டிய இடத்தில் கோடுகளோ, நடக்கவே முடியாத குளிர் எண்ணோ வரும். அதைத் திரையின் பழுது என்று எழுதிக் கொடுத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தை, மாசியில் வாரம் ஒரு முறையேனும் காரை எடுத்து ஓட்டுவது பெரிய காப்பு.

ஆகவே பேனலைக் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை சில உண்டு. பேட்டரி போதிய அழுத்தம் தருகிறதா, ஏசிக்கும் பேனல் விளக்குக்கும் உரிய ஃபியூஸ்கள் நல்ல நிலையில் உள்ளனவா என்று மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்குக்கு அருகே உள்ள, டேஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைக்கும் சிறு சக்கரம் கீழே தள்ளப்பட்டிருந்தால், பல மாடல்களில் முகப்பு விளக்கைப் போட்டவுடன் ஏசி திரையும் மங்கிவிடும். பேனல் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் முறை பல கார்களில் உண்டு. குறிப்பிட்ட இரு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திச் சாவியைத் திருப்பினால் எல்லா எழுத்தும் ஒரே நேரத்தில் எரிந்து, பின் பழுது எண்கள் வரும். எந்தப் பொத்தான்கள் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். அந்த விவரம் நிறுவனத்தின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும், ஆனால் அந்தக் கையேடு வெளி மெக்கானிக்கின் கைக்கு எட்டாது.

இதைத்தான் நான் இக்கடிதத்தில் முதன்மையாக வலியுறுத்த விரும்புகிறேன். என் உறவினர் ஒருவரின் காரில் வெப்பநிலை எண் தெரியாமல் போனபோது, அவர் சென்ற சர்வீஸ் சென்டரில் பேனலைத் திறக்காமலேயே புதியது போட வேண்டும் என்றார்கள். எது கெட்டது என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டதற்கு, டிஸ்ப்ளே நாட் வொர்க்கிங் என்று மட்டும் எழுதித் தந்தார்கள். நோயாளிக்குக் காய்ச்சல் என்று மட்டும் எழுதிய மருத்துவச் சீட்டுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. விலைப்பட்டியலில் பேனல் முழுதாகத்தான் இருந்தது. கண்ணாடி, ரிப்பன், பல்ப் எதுவும் தனியே இல்லை. மாற்றினால் பழைய பேனலை அவர்களே வைத்துக்கொள்வார்களாம். பின்னர் கும்பகோணத்தில் முன்பு தொலைக்காட்சி பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு, ஏர்பேக்கின் மின்சுற்றில் தங்கியிருக்கும் மின்னூட்டம் இறங்கச் சில நிமிடம் பொறுத்தார். கிளிப்புகள் உடையாமல் பிளாஸ்டிக் நெம்புகோலால் சுற்றுச் சட்டத்தை எடுத்தார், ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். கனெக்டர் காலில் இருந்த விரிசலைக் கண்டு, அந்த வரிசை முழுவதையும் புதிதாகச் சோல்டர் செய்து கொடுத்தார். திரை இன்றும் ஒளிர்கிறது. அவர் கேட்ட கூலி ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்கு இரண்டு பேர் கொடுக்கும் தொகைதான். நாங்கள் கூடுதலாகக் கொடுத்தோம்.

அவரைப் போன்றவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். பழைய குழாய்த் தொலைக்காட்சிகளின் காலத்தில், குறிப்பாக 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் ஒவ்வொரு தெருவிலும் பெட்டிகள் பெருகிய ஆண்டுகளில், போர்டைப் படித்து, சுற்றைப் பின்தொடர்ந்து, கெட்ட உறுப்பை மட்டும் மாற்றும் திறமை சிற்றூர்கள் வரை பரவியிருந்தது. தட்டைத் திரைகள் வந்ததும் போர்டையே மாற்றும் பழக்கம் வந்தது, அவர்களில் பலர் கைப்பேசிக் கடைக்கும் சிசிடிவி பொருத்தும் வேலைக்கும் போய்விட்டார்கள். கை மறக்கவில்லை. கார் மெக்கானிக்குகளோ இன்ஜினில் வல்லவர்கள், போர்டைத் தொட அஞ்சுகிறார்கள். அந்த அச்சமும் நியாயமானதே. இந்த இருவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தால் டெல்டாவில் எந்தப் பேனலுக்காகவும் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

இப்போது பலர் சென்னைப் புதுப்பேட்டையில் கழிவு கார்களிலிருந்து எடுத்த பேனலை வாங்கி வரச் சொல்கிறார்கள். அது தவறான வழி என்று சொல்லமாட்டேன். ஆனால் பின்புறம் ஒட்டிய சீட்டில் உள்ள பாக எண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரே மாடலில் டீசலுக்கும் பெட்ரோலுக்கும் பேனல் வேறுபடுவது உண்டு. சில கார்களில் காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் கருவியை வைத்து அந்த வண்டிக்கு அடையாளப்படுத்தினால்தான் அது வேலை செய்யும். மேலும் அந்தப் பேனலும் அதே வயதுடையது, அதே வெயிலைக் கண்டது. அதை முழுப் பேனலாகப் பொருத்துவதைவிட, அதன் நல்ல கண்ணாடியையும் ரிப்பனையும் எடுத்து நம்முடையதில் வைப்பதே பல நேரம் சிறந்தது.

சட்டம் இவ்விஷயத்தில் முற்றிலும் வாய்மூடி இருக்கவில்லை. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்து, அவற்றைத் தனியார் மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்ய உத்தரவிட்டது. அந்த வழக்கு பின்னர் மேல்முறையீடுகளுக்குச் சென்றது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான ஒரு குழுவை அமைத்தது; அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் வாகனங்களும் உண்டு. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. ஆனால் 2024-இல் பழுதுபார்ப்பின் எளிமைக்குக் குறியீடு வகுக்க அமைத்த குழு, கைப்பேசியையும் மின்னணுச் சாதனங்களையும் முன்வைத்தே செயல்பட்டது. காருக்குள் இருக்கும் மின்னணுச் சாதனமும் மின்னணுச் சாதனமே என்பதை அரசு ஏற்க வேண்டும்.

கார் நிறுவனங்களிடம் நான் கேட்பது எட்டாத ஒன்றில்லை. உற்பத்தி நின்ற மாடல்களுக்கேனும் பேனலின் மின்சுற்றுப் படத்தையும், கனெக்டர் கால்களின் விவரத்தையும், சுயசோதனை முறையையும், பழுது எண்களின் பொருளையும் இலவசமாக வெளியிட வேண்டும். விற்காத பேனலின் படத்தை மறைத்து வைப்பதால் அவர்களுக்குக் கிடைக்கும் வணிக நன்மை எதுவும் எனக்குப் புலப்படவில்லை. கண்ணாடி, ரிப்பன், பின்விளக்கு ஆகியவற்றைத் தனித்தனிப் பாக எண்ணோடு விற்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் பேனல் மாற்றச் சொன்னால், எந்த உறுப்பு, எந்தச் சோதனையில், என்ன அளவு காட்டியதால் கெட்டது என்று முடிவு செய்தார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும்; காசு கொடுத்து மாற்றும்போது பழைய பேனல் உரிமையாளருக்கே சேர வேண்டும். இவை மறுக்கப்படுகிற வாசகர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுங்கள். புகார் எண்ணிக்கையில் ஏறாத குறை, அரசின் பார்வையில் இல்லாத குறையாகவே கருதப்படும்.

தமிழக அரசிடம் கேட்பது ஒன்று. தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவும் எலெக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவும் இரு தனிச் சுவர்களுக்குள் நடக்கின்றன. ஒன்றில் படித்தவருக்கு மற்றதன் கருவி தெரியாது. அரசு 71 தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதிய கருவிகளோடு தரம் உயர்த்தியிருப்பது வரவேற்கத்தக்கது. ரோபோவும் மின்சாரக் காரும் கற்பிக்கும் அதே கூடங்களில், இன்று நம் சாலையில் ஓடும் பழைய கார்களின் பேனல், வேகமும் எரிபொருளும் காட்டும் மீட்டர் கிளஸ்டர், கதவுக் கண்ணாடி மோட்டார் போர்டு ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் மூன்று மாத மாலைநேரப் பயிற்சியையும் நடத்த வேண்டும். அதில் பழைய தொலைக்காட்சி மெக்கானிக்குகளுக்கு, வயது வரம்பும் கல்விச் சான்றும் பார்க்காமல், இடம் தர வேண்டும். உருப்பெருக்கி, வெப்பம் கட்டுப்படுத்தும் சோல்டரிங் நிலையம், ஸ்கேனர், 12 வோல்ட் மின்வழங்கி ஆகியவையே பெரும்பாலும் போதும்; இவை ஏற்கெனவே அந்நிலையங்களில் உள்ளவை.

திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களில் எந்த நிலையத்தில் இப்பயிற்சி தொடங்கப்பட்டாலும், என்னிடம் உள்ள பழுதான பேனல்களைப் பயிற்சிப் பொருளாகக் கொடுக்கவும், நான் பார்த்த மாடல்களுக்குக் கையால் வரைந்து வைத்திருக்கும் மின்சுற்றுப் படங்களைப் படியெடுத்துத் தரவும், ஊதியமின்றி வாரம் இரு மாலை வகுப்பெடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். அரசுத் தரப்பில் தொடர்புகொள்ள விரும்புவோருக்கு என் முகவரியைத் தங்கள் அலுவலகத்திலிருந்து தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர்,
மன்னார்குடி.